கொஞ்சம் கரகரப்பு

"அந்த ஆம்ப்ளிஃபயர்ல கொஞ்சம் கரகரன்னு சத்தம் வர்ற மாதிரி செஞ்சிடுங்கண்ணே. அவருக்குத் தெரிய வேண்டாம்."

கேட்டது கணக்கு வாத்தியாரின் மனைவி. கேட்கப்பட்டவர் வால்வு மாஸ்டர்.

பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகளை வைத்துக் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து தருவது மாஸ்டரின் தொழில். அவர் செய்த பெட்டியில் சத்தம் சுத்தமாக, துலக்கி வைத்த மாதிரி வரும் என்று பெயர். அவரிடம் போய்க் கரகரப்பு கேட்பது, தையற்காரரிடம் சட்டையில் ஒரு கிழிசல் வைத்துத் தைக்கச் சொல்வது போலத்தான்.

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. முந்தின வாரம்தான் வாத்தியார் வந்து, எண் போட்டு எழுதிய ஒரு பட்டியலைக் கொடுத்திருந்தார்.

ஒரு கையால் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். நண்பரின் காபிக் கடையில் சனிக்கிழமை மாலை வாசிக்கிற அளவுக்குச் சத்தம் போதும். சத்தம், பேஸ், ட்ரெபிள் என்று மூன்றே குமிழ். வாசிக்காதபோது பெட்டி உறுமக் கூடாது. கடைசியாக, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு: முழுசாகத் திருப்பினாலும் கரகரக்கவே கூடாது.

சின்ன வால்வுகளை வைத்துக்கொண்டு அது லேசுப்பட்ட வேலை இல்லை. கொஞ்சம் விரட்டினாலே அவை கரகரக்கத் தொடங்கிவிடும். ஒரு கை பார்த்துவிடுவது என்று மாஸ்டர் இறங்கியிருந்த நேரத்தில்தான் இந்தம்மா வந்து நிற்கிறாள்.

"ஏம்மா, சார் சுத்தமா வேணும்னு எழுதியே கொடுத்திருக்காரே?"

"தெரியும்ணே. அதனாலதான் வந்தேன். பாதிக்கு மேல திருப்பினா லேசா கரகரத்தாப் போதும். காரணம் மட்டும் கேக்காதீங்க."

மற்றதெல்லாம் அவர் எழுதியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

மாஸ்டருக்கு இரண்டு நாள் கை ஓடவில்லை. புருஷன் வாசிப்பது பிடிக்கவில்லை என்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம். கெடுக்கச் சொல்வானேன்? நாலு பேர் அவருக்குக் கை தட்டுவது கண்ணை உறுத்துகிறதோ? சாப்பிடும்போது தன் மனைவியிடம் யோசனை கேட்டார். அடுத்த வீட்டு விவகாரத்தில் எதற்குத் தலையை விடுகிறீர்கள் என்று அவள் கேட்டதோடு அந்த ஆலோசனை முடிந்தது.

இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே, வாத்தியார் எழுதியபடியே செய்து முடித்தார்.

சனிக்கிழமை காலை தனியாக வருவதாகச் சொல்லியிருந்த வாத்தியார் மனைவியோடு வந்தார். கூடவே கிளம்பிவிட்டாளாம். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். வீட்டில் போய் வாசித்துக்கொள்கிறேன் என்றார்.

மாஸ்டர் விடவில்லை. வாங்குகிறவர் தன் எதிரே ஒரு தடவை வாசிக்காமல் எந்தப் பெட்டியும் அந்தக் கடையைத் தாண்டியதில்லை. கடையில் இருந்த கிட்டாரை அவரே செருகி, குமிழை முழுசாகத் திருப்பியும் வைத்தார். வாத்தியார், தன் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் வரி தேன். இரண்டாவது வரியில் ஒரு சுரம் வரவில்லை. அந்த இடத்தில் 'டக்'கென்று மரக்கட்டையைத் தட்டின சத்தம். கொஞ்சம் தள்ளி மறுபடியும் 'டக்'.

மாஸ்டர் பதறிப்போய்ப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் குற்றமில்லை. வாத்தியாரின் இடது கையைப் பார்த்தார். மோதிர விரல் விறைத்துப்போய்ப் பாதி வழியிலேயே நின்றது, கம்பிக்கு வந்து சேரவே இல்லை.

கரகரப்பு இருந்திருந்தால் ஒரு சுரம் அடுத்ததன்மேல் வழிந்து அந்த ஓட்டையெல்லாம் அடைபட்டுப் போயிருக்கும். வாசிக்கிறவருக்கே தெரிந்திருக்காது.

அந்தம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், வால்வு ஒண்ணு சரியில்ல போலிருக்கு. தப்பு என்மேலதான். ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க."

"அதானே பார்த்தேன். அந்த இடத்துல நான் தப்பு விடறவனே இல்லையே" என்றார் வாத்தியார் சத்தமாக.

அந்தம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வண்டி ஏதாவது கிடைக்கிறதா பாரேன் என்று வாத்தியார் அவளைத் தெருமுனைக்கு அனுப்பினார். அவள் தலை மறைந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"வால்வு நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். விரல்தான் போச்சு. எங்கெங்க விடுதுன்னு காதுல விழுந்தாத்தானே மத்த விரலை வெச்சுப் பழக முடியும்? அதுக்குத்தான் சுத்தமா கேட்டேன். வீட்ல இருக்கிற பழைய பெட்டியில தூசி தட்டுற சாக்குல தினமும் கரகரப்புக் குமிழை ஏத்தி வெச்சிடறா. இங்கயும் வந்திருப்பாளே?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா? மாஸ்டர் கிட்டார் வயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். பின்பக்கம், கண்ணுல படாத மாதிரி ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுங்க. அவ இல்லாதப்ப சுத்தமா வெச்சுப் பழகிக்கறேன். அவ பக்கத்துல இருந்தா கரகரன்னே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அவ ராத்திரி தூங்கறா."