பலகையில் ஒட்டிய நோட்டீஸ்

"அனுமதி குடுத்து தொண்ணூறு நாளு தாண்டிடுச்சுங்க. இனி பசுமைத் தீர்ப்பாயம் உங்க வழக்கை எடுக்காது," என்றார் வக்கீல் ரூபா.

முனிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெலவரப்பள்ளியில் அவருடைய ரோஜாத் தோட்டத்துக்கு நடுவே எரிவாயுக் குழாய் பதிக்கப்போகிறார்கள், அவருக்கே தகவல் இல்லை!

"எனக்கு யாருமே சொல்லலையே மேடம்!"

"பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. ஆனா, மறுநாளே அதுமேல ஒரு போஸ்டர் ஏறிடுச்சு."

"அதான பாத்தேன்! கம்பெனிக்காரன் ஆள் வெச்சு மறைச்சிருக்கான். ஒட்டின படுபாவிய சும்மா விடக்கூடாது. மொதல்ல அவன்மேல போடுங்க வழக்கு!"

காலையில் பலகையைப் படம் எடுத்து வந்திருந்த ரூபா, கைப்பேசியை நீட்டினார்.

மகளின் காதணி விழா போஸ்டரில், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கைகூப்பிச் சிரித்தபடி நின்றார் முனிராஜ். தலைக்குமேல் கொட்டை எழுத்தில், 'அனைவரும் வருக! வருக!'