ஷ்ரேயஸ் தொட்ட படம்

"வலிக்குது."

சொன்னது டேப்லெட். அதுவும் ஸ்ரீரஞ்சனியின் குரலிலேயே. மகனுக்காக அவளே பதிவு செய்து வைத்த சொல், திங்கட்கிழமையிலிருந்து அவளையே குத்திக்கொண்டிருந்தது.

ஷ்ரேயஸுக்கு ஒன்பது வயது. புத்தி படு கூர்மை. ஆனால் வாய் பேச வராது, கை சொன்னபடி கேட்காது. அதற்காகத்தான் அப்பா அருண்ராஜ், ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைத் திரைமேல் பொருத்தியிருந்தான். கை எவ்வளவு நடுங்கினாலும் தகட்டில் ஊன்றிக்கொள்ளலாம். விரல் ஓட்டைக்குள் இறங்கினால்தான் கீழே உள்ள படம் பேசும்.

பசி, தண்ணீர், பாத்ரூம், வலிக்குது, டாக்டர், போதும். ஆறு படம்.

"எங்கடா வலிக்குது? தலையா? வயிறா? காலா?"

எல்லாவற்றுக்கும் உதட்டை இறுக்கினான். 'இல்லை' என்று அர்த்தம். 'ஆமாம்' என்றால் கண்ணை மேலே உயர்த்துவான். டாக்டரும் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை அருண்ராஜ் ஒன்றைக் கவனித்தான். ஷ்ரேயஸ் எந்தப் படத்தை எப்போது தொட்டான் என்பது டேப்லெட்டில் பதிவாகியிருக்கும்.

"ராத்திரி நம்மகிட்ட தொட்டுக் காட்டறதை விடு. பகல்ல பாரு, காலையில ஒன்பது, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் நாலு. தினமும் இதே நேரம். மூணுமே வேதாக்கா அவனைத் தூக்கற நேரம்."

"சும்மா இருங்க. ஆறு வருஷமா அவங்கதான் பார்த்துக்கறாங்க."

"நெருப்பில்லாம புகையுமா ரஞ்சனி? நாம ரெண்டு பேரும் கராடியில ஆஃபீஸ்ல இருக்கோம். இங்க என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவ்வளவுதான். சந்தேகம் வந்துவிட்டால் அப்புறம் நல்லது எதுவும் கண்ணில் படுமா? வேதநாயகி மழையோ வெயிலோ போபோடியிலிருந்து எட்டரைக்கெல்லாம் சாங்வியில் இருக்கும் இவர்கள் வீட்டுக்கு வந்து நிற்பது மறந்துபோயிற்று. ஒருநாளும் அவள் பிள்ளையைக் கடிந்து பேசியதில்லை என்பதுகூட இப்போது நடிப்பாகத் தெரிந்தது.

மகனின் சட்டையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ஸ்ரீரஞ்சனி. ஒரு கீறல் இல்லை. தடம் தெரியாமல் கிள்ளுகிறவர்களும் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை இருவருமே வீட்டில் இருந்தார்கள். தகட்டில் இன்னும் நாலு ஓட்டை போட்டு, புதிதாக நாலு புகைப்படங்களைச் சேர்த்திருந்தான் அருண்ராஜ். அம்மா, அப்பா, வேதாக்கா, ஷ்ரேயஸ்.

ஒன்பது மணி. வேதநாயகி பிள்ளையைத் தூக்கிப்போய்க் குளிப்பாட்டி, திரும்பவும் வீல்சேரில் உட்கார வைத்தாள். அவன் விரல் உடனே தகட்டைத் தேடியது.

"வலிக்குது."

ஸ்ரீரஞ்சனி அவன் பக்கம் குனிந்தாள். "யாருடா கண்ணா? யார் உன்னை..."

கேட்டு முடிப்பதற்குள் விரல் இறங்கிவிட்டது.

"வேதாக்கா."

ஸ்ரீரஞ்சனி வேதநாயகி பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" ஸ்ரீரஞ்சனியின் குரல் உடைந்தது.

"ஆயி ஷபத் மேடம்! எங்கம்மா மேல, என் பிள்ளைங்க மேல சத்தியம். இந்தக் கையால நான் போய் அவனை..."

"அவனுக்குப் பொய் சொல்லத் தெரியுமா? உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்! பையை எடுத்துட்டுக் கிளம்புங்க. போலீஸுக்குப் போகாம விடறதே பெரிசு."

வேதநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பையை எடுக்கக் குனிந்தாள்.

தகட்டின் மேல் படபடவென்று அடி விழுந்தது. ஷ்ரேயஸின் முகம் சிவந்திருந்தது.

"வேதாக்கா. வலிக்குது. டாக்டர். வேதாக்கா. டாக்டர்."

அருண்ராஜ் அவன் முன்னால் மண்டியிட்டான். இத்தனை நாளில் யாருக்குமே கேட்கத் தோன்றாததை அப்போதுதான் கேட்டான்.

"ஷ்ரேயஸ்... உனக்கா வலிக்குது?"

உதடு இறுகியது.

"வேதாக்காவுக்கா?"

கண் மேலே போனது. இறங்கவே இல்லை.

ஸ்ரீரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். குனிந்த வேதநாயகி நிமிர முடியாமல், ஒரு கையால் சுவரையும் மறு கையால் இடுப்பையும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"முதுகுல டிஸ்க் விலகியிருக்காம் மேடம். வெயிட் தூக்கவே கூடாதுன்னுட்டாங்க. சொன்னா வேற ஆள் பார்த்துடுவீங்களேன்னு பயந்துட்டேன். மனசு தாங்காம அவன்கிட்ட மட்டும் சொல்லி அழுதேன்... பேச முடியாத பிள்ளை, இவன் போய் யார்கிட்ட சொல்லப்போறான்னு!"