பச்சைக்காய்ச் சீட்டு

இந்தக் காட்டில் விளையும் வாழைத்தாரை ஆற்றுப் பாலம் தாண்டி அந்தக் காட்டுக் குரங்குகளிடம் சேர்ப்பதுதான் சுப்பராயன் என்ற கழுதையின் பிழைப்பு. பாலத்தில் சோதனைச் சாவடி. அதிகாரி ஒரு கொக்கு.

அன்று முதுகில் எட்டுத் தார். சரக்குச் சீட்டில் 'பச்சைக்காய்' என்று எழுதியிருந்தது. கொக்கு ஒவ்வொரு காயாக எண்ணும். நடுவில் ஆற்றில் மீன் துள்ளினால் பாய்ந்துபோய்த் தின்றுவிட்டு வந்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.

"அண்ணே, அங்க கல்யாணம். லேட்டானா இனிமே லோடு தூக்குற வேலையை எருமைக்குக் குடுத்துருவாங்க."

"சட்டம்னா சட்டம், தம்பி."

நாலாம் நாள் எண்ணி முடித்தபோது தார் முழுக்க மஞ்சளாகியிருந்தது.

"சீட்டுல காய்னு இருக்கு, இது பழமால்ல இருக்கு! போய் வேற சீட்டு வாங்கிட்டு வா."

வேறு சீட்டோடு சுப்பராயன் வருவதற்குள் பழத்தில் ஈ மொய்த்தது. கல்யாணமும் முடிந்துபோனது. கெஞ்சிக் கூத்தாடியதில், "சரி, இன்னும் ஒரே ஒரு தடவை" என்றன குரங்குகள்.

சுப்பராயன் மட்டும் லேசுப்பட்ட ஆளா? அடுத்த லோடுக்கும் பச்சைக்காயையே ஏற்றியது. சீட்டில் மட்டும் முன்கூட்டியே 'பழம்' என்று எழுதி வாங்கிக்கொண்டது. எண்ணி முடிக்கும்போது எல்லாம் சரியாக இருக்குமே! காதை ஆட்டிக்கொண்டு ஜோராகப் பாலத்துக்கு வந்தது.

கொக்கு சீட்டைப் பார்த்தது, தாரைப் பார்த்தது.

"பழம்னு இருக்கு, இது இன்னும் காயால்ல இருக்கு! ஓரமா நில்லு, தம்பி. பழுத்ததும் எண்ண ஆரம்பிக்கிறேன்."