ஒற்றைக் கோடு

பூர்ணலிங்கத்தின் முகம் மூன்று நாளாகத் தொங்கிக் கிடந்ததால், சோதனைக்கு முன்பே மனைவி இசக்கியம்மாள் வாசலில் வேப்பிலை செருகிவிட்டாள். மனச்சோர்வு கிருமியால் வருவது என்று கண்டுபிடித்த பிறகு தெருவில் இதுதான் வழக்கம். சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தால் கிருமி உண்டு; ஐந்து நாள் மாத்திரை, மிளகு ரசம். காய்ச்சல்காரனிடம் யாராவது காரணம் கேட்பார்களா?

எச்சில் தடவிய சோதனை அட்டையை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு கோடுதான்டி விழுந்திருக்கு.”

“நல்லாப் பாருங்க, இன்னொண்ணு லேசாத் தெரியும்.”

“இல்லவே இல்ல. கிருமி கிடையாது.”

அவள் வாசலுக்குப் போய் வேப்பிலையை எடுத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“அப்ப சொல்லுங்க. மனசுல என்ன?”

கிருமியைக் கண்டுபிடித்த இந்தப் பதினோரு வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. தான் என்ன சொல்லப்போகிறோம் என்று கேட்க அவருக்கே ஆவலாக இருந்தது.