பவ்யா கிழித்த பக்கங்கள்

“யார் கிழிச்சது இதை?”

அருள்மொழி நாவலைத் திறந்தபடியே தூக்கிக் காட்டினாள். கடைசி அத்தியாயத்தை மொத்தமாகக் காணோம். பிளேடு வைத்து நறுக்கென்று எடுத்திருந்தார்கள்.

திருமுல்லைவாயில் அடுக்ககத்தின் சங்க அறையில் பிள்ளைகள் கூடும் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டம் அது. நடத்துவது அருள்மொழி. ஐ.டி. கம்பெனியில் வாரம் முழுக்க அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுவிடுவாளா?

மாதம் ஓர் இளையோர் நாவல். வாங்குவது ஒரே பிரதி. ஒருவர் படித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். எல்லாரும் படித்துவிட்டுக் கூடும்வரை முடிவைப் பற்றி யாரும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. சட்டமெல்லாம் அவள் போட்டதுதான்.

இந்த மாத நாவலை அந்தக் கடைசி அத்தியாயத்துக்காகவே வாங்கியிருந்தாள். ஆபீஸ் காரில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு அவள் விசும்பிய விசும்பலில், டிரைவர் வண்டியை ஓரங்கட்டித் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். படித்தால் பிள்ளைகள் அழ வேண்டும், அப்போதுதான் அது புத்தகம் என்பது அவள் கட்சி.

“விஷ்ணு, முதல்ல நீதானே படிச்சே?”

“எங்கிட்ட முழுசா இருந்துச்சுக்கா. அப்புறம் பவ்யாகிட்ட குடுத்தேன். கதை கடைசில அந்த அண்ணன்...”

“டேய், வாய மூடுடா!”

கத்தியது பவ்யா. பத்தாம் வகுப்பு. இருக்கிற இடம் தெரியாத பெண். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தான் கிழிச்சேன்க்கா.”

“ஏன்? முடிவு பிடிக்கலையா?”

“நல்லாதான் இருந்துச்சு.”

“அப்புறம் எதுக்குடி கிழிச்சே?”

பவ்யா தரையைப் பார்த்தாள். “கேக்காதீங்கக்கா, ப்ளீஸ். வேற புக்கு வாங்கித் தந்துடறேன்.”

அருள்மொழிக்குச் சுர்ரென்று ஏறியது. ஆவடி புத்தகக் கண்காட்சி மேடையில் இந்த நாவலைப் பற்றிப் பேச அவள் தேர்ந்தெடுத்திருந்ததே பவ்யாவைத்தான். பெண் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறாள் என்று அவள் அம்மா வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோவெல்லாம் போட்டுப் பூரித்திருந்தார்.

“புத்தகத்தைக் கிழிக்கிறவளுக்குப் புத்தகத்தைப் பத்திப் பேச என்ன அருகதை? கண்காட்சியில நீ பேச வேண்டாம். விஷ்ணு பேசட்டும்.”

பவ்யாவின் கண்கள் நிரம்பிவிட்டன. “சரிக்கா” என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அருள்மொழிக்கு மனசு ஆறவில்லை. பவ்யாவுக்கு அடுத்துப் படித்தவள் ரோஷினி. பின்தெருவிலிருந்து வருகிறவள், வட்டத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. பேச்சு அவள் பக்கம் பாய்ந்தது.

“உனக்காவது வாய் இருக்கில்ல? பக்கம் இல்லேன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாமா?”

“இல்லேன்னே தெர்லக்கா. கதை முடிஞ்சிச்சுன்னு நெனச்சிக்கினேன்.”

“எங்க முடிஞ்சது?”

“அந்த அண்ணன் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தங்கச்சிக்கு ஃபோன் பண்ணுவான்ல, ‘ஸ்டேஷன்ல எறங்கிட்டேன், தோசை ஊத்து’ன்னு? அவ கல்ல அடுப்புல வெப்பா. அத்தோட முடிஞ்சிடுச்சு.” ரோஷினி சிரித்தாள். “சூப்பரா கீதுக்கா. எங்க அண்ணனும் டெய்லி அப்டிதான் ஃபோன் பண்ணும். கடைசியாவும் அப்டிதான் பண்ணுச்சு. இவனாவது ஊட்டுக்கு வந்துட்டானேன்னு இருந்துச்சு.”

அருள்மொழி நாவலை மெல்ல மூடினாள்.

காணாமல் போன பக்கங்களில், அந்த அண்ணன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பான். எக்ஸ்பிரஸ் வருவது அவனுக்குக் கேட்காது. வீட்டில் தோசைக்கல் காய்ந்துகொண்டே இருக்கும்.

ரோஷினியின் அண்ணனும் போன ஆடியில் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். அடுக்ககத்தின் சார்பில் மாலை கொண்டுபோய்ப் போட்டவளே அருள்மொழிதான். அது அவ்வளவும் மறந்துபோய், புத்தகத்தில் செத்தவனுக்காகக் காரில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அதையே எடுத்து இந்தப் பெண் கையிலும் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பவ்யாவைப் பார்த்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அந்தப் பெண் கண்ணாலேயே கெஞ்சியது. விஷ்ணுவுக்கும் புரிந்துவிட்டது போல; தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப அந்தக் கிழிச்ச பக்கத்துல இன்னாதான்க்கா இருந்துச்சு?” என்று கேட்டாள் ரோஷினி.

“ஒண்ணுமே இல்லம்மா. வந்தான், கை கால் கழுவினான், தோசை சாப்பிட்டான். அதைப் போய் ஒரு அத்தியாயத்துக்கு இழுத்து வச்சிருந்தாங்க. பவ்யா கிழிச்சதுதான் சரி” என்றாள் அருள்மொழி. “கண்காட்சியில அவளே பேசட்டும்.”