ஏழாவது புள்ளி

மேசைமேல் மூன்று பெட்டிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரமாகத் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தான் கலைவாணன். லாரி எங்கே ஓடுகிறது என்று போனில் காட்டும் ஜிபிஎஸ் கருவி விற்பவன். எதிரே உட்கார்ந்திருந்த ராஜாமணி எதற்கும் மசியவில்லை.

காரிமங்கலத்திலிருந்து சுற்றுவட்டாரக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு கொண்டுபோகும் ஆறு லாரிகள் அவருக்கு. ஒயர் இழுத்து மாட்டும் பெட்டியை எலி கடித்துவிடும் என்றார். காந்தத்தில் ஒட்டும் பெட்டி நம்ம ரோட்டுக் குழிக்குத் தாங்காது என்றார். டீசல் அளவு காட்டும் பெட்டியை மாட்டினால் டிரைவர்கள் கோபித்துக்கொள்வார்களாம்.

"உங்க வண்டிங்கள்ல இருக்கற பழைய கருவி இன்னும் ரெண்டு மாசத்துல நின்னுருங்க சார். சிக்னலே வராது."

"நிக்கறப்பப் பாத்துக்கலாம், விடுப்பா."

ஆபீஸ் வேலை பார்க்கும் யுவராணி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். இப்படியும் ஒரு கஞ்சன் உண்டா என்று அவள் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. நினைத்துவிட்டுப் போகட்டும். உண்மையைச் சொல்ல ராஜாமணிக்கு வெட்கம்.

அவர் போனில் ஓடுவது ஆறு புள்ளி இல்லை, ஏழு. ஏழாவது தம்பி மாதவராஜின் லாரி. வண்டி நெற்றியில் யார் பேரை எழுதுவது என்று ஆரம்பித்த சண்டையில், ஒரு லாரியைப் பிரித்துக்கொண்டு அரூருக்குப் போனவன். இப்போது அதைத் தானே ஓட்டுகிறான். மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. அந்த லாரியில் இருந்த கருவியைக் கழற்ற மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள்.

ராஜாமணி மறக்கவில்லை. மூச்சு விடாமல் இருந்துகொண்டார். காலையில் காபிக்கு முன்னால் அந்தப் புள்ளியைத்தான் தேடுவார். சந்தை நாளில் அது காரிமங்கலம் வரும். வீட்டுக்குத் திரும்பும் பிரிவு ரோட்டில் இரண்டு நிமிஷம் நிற்கும். இன்றைக்கு வந்துவிடுவான் என்று அவர் போனையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு புள்ளி நேராகப் போய்விடும். எழுந்து போய்ப் பார்க்க வீம்பு விடாது.

புதுசு வாங்கினால் பழைய பட்டியலைக் கிளறி, ஏழாவதை நீக்கிவிடுவார்கள். வாங்காவிட்டால் இன்னும் இரண்டு மாசமாவது தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கலைவாணன் அதற்குள் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். "உங்க பேர்ல ஏழு வண்டி இருக்குதுங்க சார்."

ராஜாமணியின் குரல் தாழ்ந்தது.

"அந்த ஏழாவத மட்டும் எடுத்துராதப்பா. சந்தா பாக்கின்னா நான் கட்டிடறேன்."

கலைவாணன் விழித்தான்.

"பாக்கியே இல்லீங்களே. மூணு வருஷமா அரூர்க்காரர்தான் கட்டிட்டு வர்றாரு. போன வாரம் புதுக் கருவியும் மாட்டிக்கிட்டாரு. அவர் போன்லயே பாக்கற மாதிரி மாத்தித் தரட்டுங்களான்னு அவரைக் கேட்டேன். 'வேண்டாம்ப்பா, எங்கண்ணன் போன்லயே தெரியட்டும்'னுட்டாருங்க."