எடுக்காத பணம்

ஆறு என்றார் கடன் அதிகாரி.

அவள் இரண்டு என்று நினைத்திருந்தாள்.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் மேஜைக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அடியில் ஏதோ ஒரு பழைய வட்டி அட்டவணை. அதைப் படிப்பதுபோல் இருந்தான்.

"ஆறு கிரெடிட் கார்டுங்க. எல்லாம் சார் பேர்லதான் இருக்கு. மொத்த லிமிட் பதினொண்ணே கால் லட்சம்."

அதிகாரியின் பெயர் கோகிலவாணி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திரையை அவர்கள் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தார்.



வாங்கப்போகும் வீட்டுக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அந்த இரண்டு லட்சத்தில் பாதி, பனியன் கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அவள் சேர்த்தது.

"பாக்கி எவ்வளவு நிக்குதுங்க?"

"பாக்கியே இல்லீங்க. ஸ்டேட்மென்ட் எல்லாம் பார்த்துட்டேன். எப்பவாவது பெட்ரோலுக்கு நூறு, இருநூறு. அதையும் உடனே கட்டிடறார். கார்டு செத்துப் போயிடக் கூடாதுன்னு தேய்க்கற மாதிரி."

கடனே இல்லை. பிறகு என்ன தடை?

கோகிலவாணி பொறுமையாகச் சொன்னார்.

"நாளைக்கே சார் நெனச்சா பதினொண்ணே கால் லட்சத்தையும் எடுத்துச் செலவு பண்ணிடலாமுங்க. அப்புறம் எங்க தவணையை எப்படிக் கட்டுவார்? அதனால அந்த லிமிட்டுல ஒரு பங்கை இப்பவே கடனாத்தான் எங்க பேங்க்ல பார்ப்பாங்க. நீங்க கேட்ட பதினெட்டு லட்சம் வராது. கார்டுகளை மூடிட்டா வரும்."

"எதுக்குங்க இத்தனை?" அவள் தாழ்ந்த குரலில் அவனைக் கேட்டாள்.



கோகிலவாணி திரையில் விரலை ஓட்டினார். "மொத கார்டு பதினோரு வருஷத்துக்கு முந்தி. செப்டம்பர்ல."

செப்டம்பர்.

அந்த வருடம் ஆகஸ்டில்தான் அவர்கள் மகள் இனியா இறந்தாள்.

நான்கு வயது. மூன்று நாள் காய்ச்சல். மதிய நேரம். நாற்பதாயிரம் முன்பணம் கட்டினால்தான் மாடி வார்டுக்கு ஏற்றுவோம் என்றார்கள் ஆஸ்பத்திரி கவுன்டரில். அவனிடம் ஆறாயிரம் இருந்தது. குழந்தையை அவள் மடியில் கிடத்திவிட்டு ஓடினான்.

இரண்டே கால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது முப்பத்தெட்டாயிரம் வைத்திருந்தான். இரண்டாயிரம் குறைந்தது.

யாரும் அதைக் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

முன்னாலேயே கட்டியிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அவள் நம்பினாள். அவனும் நம்பிவிட்டான் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு கார்டு விற்பவர்களை அவன் ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை. நின்று, குனிந்து, படிவம் நிரப்புவான். வெட்டிப் பேச்சுக்கு நிற்கிறான் என்று அவள் சலித்துக்கொள்வாள். கோயிலுக்குப் போனாலும் பர்ஸ் கூடவே வரும். காசில்லாத பர்ஸுக்கு இவ்வளவு காவலா என்று ஒருமுறை சிரித்திருக்கிறாள்.

இப்போது அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"எதையெல்லாம் மூடறீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். அந்தந்த பேங்க்ல லெட்டர் வாங்கிட்டு வந்தா போதும்."

கோகிலவாணி வெள்ளைத்தாளை நீட்டினார்.

அவன் ஆறு கார்டுகளையும் எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தான். ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசி நான்கு எண்களை எழுதினான்.

ஒன்று.

இரண்டு. மூன்று.

நான்காவதை எழுதும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்த இடத்தில், ஓடி வந்தவனைப் போல.

ஐந்து.

பேனா நின்றது.

"இன்னும் ஒண்ணுதான் சார் இருக்கு. மூணு லட்சம் லிமிட். அதையும் எழுதிட்டீங்கன்னா முடிஞ்சுது."

அவன் தலையாட்டினான். பேனாவைத் தாளில் வைத்தான். புள்ளி ஒன்று விழுந்து, மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

அவள் கையை நீட்டி அந்தக் கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது இருக்கட்டுங்க."

"அப்ப கடன் தொகை குறையுமுங்களே. ஒண்ணரை லட்சம் வரைக்கும்."

"குறைச்சுக்கங்க."

"மீதிக்கு என்ன பண்ணுவீங்க?"

"நான் பாத்துக்கறனுங்க."

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

வெளியே வெயில். வண்டியில் சாவியைப் போட்டான். ஆனால் ஸ்டார்ட் செய்யாமல் நின்றான். அவள் ஏறவில்லை. வங்கியின் படியில் உட்கார்ந்தாள். ஏறி இறங்குகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஏனுங்க."

அவன் திரும்பினான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்து மொதல்ல எங்கீங்க போனீங்க?"

பதினோரு வருடமாக அவள் கேட்டதில்லை. கேட்டால், ஏன் இவ்வளவு நேரம் என்று அவன் காதில் விழுந்துவிடுமோ என்ற பயம்.

அவன் சாவியை உருவிக்கொண்டான். வந்து அவள் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தான். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கம்பெனிக்குத்தான் போனேன். ஞாயித்துக்கெழமைங்கறதே மறந்துபோச்சு. கேட் பூட்டியிருந்துச்சு."

அவள் அந்த இடைவெளியில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்புறம்?"